போட்டுக்கு ஜுரம்!

என் நண்பர் ஒருவர் செகண்ட் ஹாண்டில் கார் வாங்கினார். மூன்றாம் நாளே டேஷ்போர்டில் ஆரஞ்சு கலரில் ஒரு விளக்கு எரிய ஆரம்பித்தது. என்ஜின் படம் போட்ட விளக்கு. நண்பர் பதறவில்லை. பத்து ரூபாய்க்கு ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் வாங்கினார். சரியாக அந்த விளக்கின் மேல் ஒட்டினார். "இப்பப் பாருங்க ஸார், பிள்ளையார் தெய்வீகமா ஜொலிக்கிறார்!" என்றார்.

சிரிக்காதீர்கள். உங்கள் ஆபீஸ் ஃபயர் அலாரம் கடைசியாகக் கத்தியபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? எழுந்து ஓடினீர்களா? "யாராவது அதை ஆஃப் பண்ணுங்கப்பா" என்றுதானே சொன்னீர்கள்? கத்துகிறவன் ஏன் கத்துகிறான் என்று கேட்பதைவிட, அவன் வாயைப் பொத்துவது நமக்குச் சுலபம். கரையில் இருக்கும்வரை இது செல்லும். கார் நின்றால் நாலு பேர் தள்ளுவார்கள். நடுக்கடலில் என்ஜின் நின்றால் யார் ஸார் தள்ளுவது?

இந்தக் கேள்வி எனக்கு ஏன் வந்தது என்றால், அடியேன் பி.காம். பத்திரிகைகளுக்கு எழுதுவது போக, காசிமேட்டில் நாலைந்து விசைப்படகுகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். டீசல், ஐஸ், பேட்டா, வலை, என்ஜின் வேலை... எல்லாம் என் லெட்ஜர் வழியாகத்தான் கடலுக்குப் போகும். மற்றபடி மீனுக்கும் எனக்கும் தட்டில்தான் பழக்கம்.

அதில் ஒரு போட் என் காலேஜ் தோழனுடையது. அக்கவுண்டன்ஸி பரீட்சையில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதியவன். இன்றைக்கு அவனிடம் போட் இருக்கிறது. என்னிடம் பேனா இருக்கிறது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கும். போட் பெயிண்ட் அடித்துக் கொள்ளும். ஒரு தடைக்காலம் முடியும் சமயம், ரிப்பேரெல்லாம் முடித்த போட்டை வெள்ளோட்டம் பார்க்கக் கிளப்பினார்கள். "நீயும் வாடா, காசு எங்க போகுதுன்னு பாரு" என்று என்னையும் ஏற்றிவிட்டான் தோழன். அவன், டிரைவர், மெக்கானிக் அண்ணன், லெட்ஜரோடு நான்.

மெதுவாகப் போகும்வரை சொர்க்கம். டிரைவர் ரேஸைக் கூட்டினார். ஐந்து நிமிஷம். 'கீ...ங்' என்று பஸ்ஸர் அலறியது. டெம்பரேச்சர் விளக்கு சிவப்பு.

டிரைவர் சட்டைப் பையிலிருந்து கட்டிங் பிளையரை எடுத்தார். பஸ்ஸர் ஒயரை நோக்கிக் கை நீட்டினார். "இது சும்மா கத்தும் ஸார். போன சீஸன்லயே கத்திச்சு."

மெக்கானிக் அண்ணன் அந்தக் கையைப் பிடித்தார். "இன்னாபா பண்றே? வூட்ல கொயந்த அயுதா, வாயில பிளாஸ்திரி ஒட்டுவியா? மொதல்ல ரேஸைக் கொற. நியூட்ரல் போடு. அப்பால தண்ணியப் பாரு."

தண்ணியப் பாரு! இந்த இரண்டு வார்த்தையில்தான் போட் வைத்தியமே இருக்கிறது.

காய்ச்சிய பாலை அவசரமாக ஆற்ற வேண்டும். அம்மா என்ன செய்வார்? பால் சொம்பைத் தண்ணீர்த் தட்டில் வைப்பார். பால் தனி, தண்ணீர் தனி. ஆனால் சூடு மட்டும் பாலிலிருந்து தண்ணீருக்குப் போய்விடும். பெரிய போட் என்ஜின்களில் பெரும்பாலானவை இதே கதைதான். என்ஜினுக்குள்ளே சுற்றிச் சுற்றி வருவது கூலண்ட் கலந்த நல்ல தண்ணீர். அதை ஆற்றுவதற்கு வெளியிலிருந்து கடல் தண்ணீரை உறிஞ்சுவார்கள். இரண்டும் கலக்காமல் உரசிக் கொள்ளும் இடத்துக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று பெயர். மெக்கானிக் பாஷையில் கூலர். உள்ளே மெல்லிய குழாய்கள் கட்டுக் கட்டாக இருக்கும். வேலை முடிந்த கடல் தண்ணீர் வெளியே கொட்டிவிடும். காரில் ரேடியேட்டருக்குக் காற்று எப்படியோ, போட்டுக்குக் கடல் அப்படி.

ஆகவே பஸ்ஸர் கத்தினால் முதலில் எட்டிப் பார்க்க வேண்டியது மீட்டரை அல்ல. வெளியே கொட்டும் தண்ணீரை. அவுட்போர்டு மோட்டாராக இருந்தால் பின்பக்கம் சின்னதாக ஒரு நீர்த்தாரை பீச்சும். அதுவும் இதே சாட்சிதான். தண்ணீர் சுத்தமாக வரவில்லையா? என்ஜினை நிறுத்து, நங்கூரத்தைப் போடு. தண்ணீர் வருகிறதா? ரேஸைக் குறைத்து ஓடவிட்டு ஆறவிடு. இங்கே ஒரு எச்சரிக்கை. பல போட்டுகளில் சூட்டுக்கும் ஆயில் பிரஷருக்கும் பஸ்ஸர் ஒன்றுதான், விளக்குதான் வேறு வேறு. ஆயில் விளக்கு எரிந்தால் 'ஆறட்டும்' என்ற பேச்சே கூடாது. உடனே நிறுத்த வேண்டும். ஆயில் இல்லாத என்ஜின் தன்னைத் தானே அரைத்துத் தின்றுவிடும்.

எங்கள் போட்டில் தண்ணீர் வந்தது. ஆனால் முனிசிபாலிட்டிக் குழாய் மாதிரி.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "மெதுவாப் போனா நல்லாக்கீது. வேகமாப் போனா கத்துது. அப்ப தண்ணி வர்து, பத்தல. வழியில எங்கியோ அடைப்பு."

கடல் தண்ணீர் வரும் வழியே போய்ப் பார்க்க ஆரம்பித்தார். முதலில் போட்டின் அடியில் தண்ணீர் நுழையும் துவாரம். அங்கே கேரி பேக் ஒட்டிக் கொள்வது சகஜம். இரண்டு மாதம் சும்மா நின்ற போட்டில் சிப்பியும் பாசியும் குடித்தனம் வந்திருக்கும். அதெல்லாம் ரிப்பேரின்போதே சுரண்டியாகிவிட்டது. அடுத்தது சல்லடை. சுத்தம். அதன் மூடியில் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றைக் குடிக்கும். அதுவும் சரி. உறிஞ்சும் ஹோஸ் பைப் உள்பக்கம் தளர்ந்து ஒட்டிக் கொள்கிறதா? இல்லை.

அடுத்தது பம்ப். உள்ளே இருப்பது இம்பெல்லர் என்ற ரப்பர் சக்கரம். பூ மாதிரி சுற்றிலும் இதழ்கள். அந்த இதழ்கள்தான் தண்ணீரை வாரி வாரித் தள்ளும். தண்ணீர் இல்லாமல் வெறும் பம்ப் சுற்றினால் சீக்கிரமே கருகிப் பிய்ந்துவிடும். அண்ணன் மூடியைத் திறந்தார். இம்பெல்லர் புத்தம் புதிது. பன்னிரண்டு இதழும் பளபள.

"இது எப்ப மாத்தினது?" என்றார்.

டிரைவர் தலையைச் சொறிந்தார். என் லெட்ஜர் சொன்னது: மார்ச் மாதம், இம்பெல்லர் ஒன்று.

"பழசை இன்னா பண்ணே?"

"தூக்கிப் போட்டுட்டேன். ரெண்டு இதழ் பிஞ்சிருந்திச்சு."

"பிஞ்ச ரெண்டு எங்க?"

மௌனம். காக்கா கத்தியது.

வாசக நண்பர்களே, உங்களில் காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் உடம்பு சிலிர்த்திருக்கும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாமல் இடித்தால் வித்தியாசத்தை எங்கே போடுவோம்? சஸ்பென்ஸ் அக்கவுண்ட்! பன்னிரண்டு இதழ் உள்ளே போனது, பத்துதான் வெளியே வந்தது. மீதி இரண்டு கடவுளிடமா போயிருக்கும்? தண்ணீர் போன திசையில்தானே போயிருக்கும்!

என்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தோம். சூடாக இருக்கும்போது கூலண்ட் மூடியைத் திறக்கவே கூடாது. அது பிரஷர் குக்கர் தத்துவம்தான். உள்ளே அழுத்தம் இருப்பதால் நூறு டிகிரி தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் காத்திருக்கும். மூடியைத் திறந்த மறு நொடி உங்கள் முகத்தில் கொதிக்கும். அதேபோல், சூடான என்ஜின் மேல் பக்கெட் தண்ணீரை ஊற்றி உதவி செய்யும் உத்தமர்களையும் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். இரும்பு விரிசல் விடும்.

ஆறிய பிறகு கூலரின் பக்க மூடியைக் கழற்றினார் அண்ணன். குழாய்களின் வாயை அடைத்துக்கொண்டு இருந்தன இரண்டு கறுப்பு ரப்பர் துண்டுகள். கூடவே, அரிப்பைத் தடுக்க வைக்கும் துத்தநாகக் கட்டி கரைந்து உதிர்ந்த துணுக்குகள். எல்லாவற்றையும் வழித்தெடுத்து என் லெட்ஜர் மேலேயே வைத்தார். "உன் கணக்கு டேலி ஆச்சா ஸார்?"

ஆச்சு. அந்த ஒயரை மட்டும் வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? போட் சத்தமில்லாமல் ஆழ்கடலுக்குப் போயிருக்கும். ஹெட் காஸ்கெட் போகும். பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தோழன் வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் தண்ணீரில்லாமலும் ஓடும். அது பணம். போட்டில் இருந்தவர்கள் காற்று இழுத்த இழுப்புக்குப் போயிருப்பார்களே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

* * *

"அப்படியானால் பஸ்ஸர் எப்போதும் உண்மைதான் சொல்லுமா?" என்று ஒரு புத்திசாலி வாசகர் கேட்கிறார். சொல்லாது ஸார். அது அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளை இல்லை.

ஒரு மாதம் கழித்து அதே போட். காலை நேரம். என்ஜின் இன்னும் ஸ்டார்ட்டே ஆகவில்லை. சாவியைத் திருப்பினதும் டெம்பரேச்சர் விளக்கு எரிகிறது, பஸ்ஸர் அலறுகிறது. தொட்டால் என்ஜின் ஐஸ் மாதிரி. டிரைவருக்கு ஜென்ம சாபல்யம். "நான்தான் சொன்னேனே, சும்மா கத்தும்னு!" என்றபடி புது சென்சார் ஒன்று வாங்கி வந்து பில்லை என்னிடம் நீட்டினார். ஆதாரம் இல்லாமல் வவுச்சர் பாஸ் பண்ண முடியாது என்று நான் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

தோழனோ இதற்குள் கொரோனா காலத்தில் நெற்றியில் சுட வாங்கின தெர்மாமீட்டர் துப்பாக்கியை எடுத்து வந்துவிட்டான். அந்த மாதிரித் துப்பாக்கி மனுஷ ஜுரத்துக்கு மேல் போகாது. பக்கத்தில் இருந்த டீப் பானையைச் சுட்டான். 'ஹை' என்று இங்கிலீஷில் காட்டியது. "டேய், ஹலோ சொல்லுதுடா!" என்றான். என்ஜினுக்கென்று தனித் துப்பாக்கி உண்டு. அதைக்கூடப் பளபளக்கும் உலோகத்தில் காட்டினால் குறைத்துத்தான் சொல்லும். கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் குறி பார்க்க வேண்டும்.

அண்ணன் வந்தார். சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றித் தனியாகத் தூக்கிப் பிடித்தார். பஸ்ஸர் நிற்கவில்லை. "சென்சார் தலையே கயட்டியாச்சு, இன்னும் கத்துதுன்னா யார் கத்தறது? ஒயர்!"

சாதாரண வகை அலாரத்தில் விஷயம் இவ்வளவுதான். குறிப்பிட்ட சூடு வந்ததும் சென்சார் உள்ளே ஒரு சுவிட்ச் மூடிக்கொண்டு, ஒயரை என்ஜின் உடம்போடு சேர்த்துவிடும். பஸ்ஸர் கத்தும். சென்சாருக்குப் பதிலாக ஒயரே எங்காவது தோல் உரிந்து இரும்பைத் தொட்டாலும் அதே பலன்தான். தேடிப் போனால், ஒரு கிளாம்பின் கீழே அதிர்வில் உரசி உரசி ஒயர் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப பழைய சென்சார் நல்லதா?" என்றேன், பில்லைப் பார்த்தபடி.

போட் அடுப்பில் பானை ஏறியது. தண்ணீரில் சென்சாரின் நுனியை மட்டும் தொங்கவிட்டார். பக்கத்தில் நூறு டிகிரி வரை காட்டும் கண்ணாடித் தெர்மாமீட்டர். சென்சாரில் மல்டிமீட்டர் ஒயர். சமையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "டீ போடற பானையில சென்சார் சூப்பா?" தண்ணீர் கொதிக்கக் கொஞ்சம் முன்னால், சென்சாரின் மேல் பொறித்திருந்த டிகிரிக்குப் பக்கத்தில், மல்டிமீட்டர் 'பீப்' என்றது. பழைய சென்சார் நிரபராதி. புது சென்சாரைக் கடையில் திருப்பிக் கொடுக்க வைத்தேன். தெர்மோஸ்டாட்டையும் இப்படியே நூலில் கட்டித் தண்ணீரில் விட்டுப் பார்க்கலாம். சூட்டில் வாய் திறந்தால் நல்லது. திறக்காவிட்டால் குப்பை.

இதற்கு எங்கள் பாடத்தில் பெயர் பி.ஆர்.எஸ். பாங்க் ரிகன்ஸிலியேஷன் ஸ்டேட்மென்ட். கேஷ் புக் நாம் எழுதுவது, பாஸ் புக் பாங்க் எழுதுவது. இரண்டும் வேறு வேறு கை. ஒத்துப் போனால் நிம்மதி. போகாவிட்டால் ஒன்றைக் கிழித்துப் போடுவதில்லை. ஏன் ஒத்துப் போகவில்லை என்று தேடுகிறோம். போட்டில் மீட்டர் கேஷ் புக். வெளியே கொட்டும் தண்ணீர் பாஸ் புக். பஸ்ஸர், ஆடிட்டர். ஆடிட்டர் தப்பாகச் சொல்லலாம். அதற்காக அவரை ரூமில் வைத்துப் பூட்டிவிட்டு பாலன்ஸ் ஷீட் போட முடியாது.

எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது அண்ணன் கடைசியாகச் சொன்னதுதான். "கத்தற பஸ்ஸருக்குப் பயப்படாத ஸார். கத்தாத பஸ்ஸருக்குப் பயப்படு."

சூடு ஏற ஏறச் சென்சாரின் மின்தடை குறையும். அதை வைத்துத்தான் பெரும்பாலான மீட்டர் ஊசி ஏறுகிறது. ஒயர் அறுந்தால்? தடை எல்லையில்லாமல் போகும். ஊசி 'குளிர்' என்று படுத்துவிடும். என்ஜின் வெந்துகொண்டிருந்தாலும் ஊசி ஊட்டியில் இருக்கும். இன்னொன்று. கூலண்ட் மொத்தமும் கசிந்துவிட்டால் சென்சார் நனையாமல் அந்தரத்தில் நிற்கும். தண்ணீரின் சூட்டைச் சொல்ல வேண்டியவன், தண்ணீரே இல்லை என்று சொல்ல மாட்டான். எல்லா மீட்டரும் ஒரே நேரத்தில் தாறுமாறாகக் காட்டினால் எர்த் ஒயரைப் பார்க்க வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் லீவு போட்டால் தப்பு ஆபீசில்தானே?

* * *

'சின்ன போட் சமாசாரம்தானே' என்பவர்களுக்கு இரண்டு பெரிய சமாசாரம்.

2010 ஏப்ரல் 20. மெக்ஸிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைஸன் என்ற எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். பிறகு நடந்த விசாரணையில் அதன் தலைமை எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் சாட்சி சொன்னார்: பொது அலாரம் தானாக ஒலிக்காதபடி தடுத்து வைக்கப்பட்டிருந்தது. காரணம்? பொய் அலாரத்துக்காக ராத்திரி மூன்று மணிக்கு யாரும் தூக்கம் கெட்டு எழுந்திருக்கக் கூடாதாம்! கட்டிங் பிளையர் காசிமேட்டில் மட்டும் விற்பதில்லை.

2019 மார்ச் 23. நார்வே கடற்கரை. வைக்கிங் ஸ்கை என்ற உல்லாசக் கப்பல் புயலில் பாறைகளுக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. கப்பலில் 1,373 பேர். ஆயில் தொட்டிகளில் ஆயில் குறைவாக இருந்தது. கப்பல் ஆடிய ஆட்டத்தில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, பம்புக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அலாரம் அடித்தது, கொஞ்ச நேரத்தில் என்ஜின்கள் தாமாகவே நின்றன. கரையில் மோதாமல் தப்பித்தது பெரும் அதிர்ஷ்டம். ஹெலிகாப்டரில் நூற்றுக்கணக்கானவர்களைத் தூக்கினார்கள். அலாரம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் அலாரம் அடிக்கும்போது நமக்கு மிச்சம் இருப்பது நிமிஷங்கள். கிளம்புவதற்கு முன்னால் ஆயில் கம்பியை உருவிப் பார்த்திருந்தால் மிச்சம் இருந்திருக்கக் கூடியது நாட்கள்.

எனவே அண்ணன் எங்கள் போட்டுக்கு எழுதிக் கொடுத்த சட்டம் நாலே நாலு. கிளம்பும் முன் ஆயிலையும் கூலண்டையும் கண்ணால் பார். சாவியைத் திருப்பினதும், என்ஜின் எழும் முன்னால், ஆயில் பஸ்ஸர் ஒரு தடவை கத்த வேண்டும். கத்தாவிட்டால் செத்துவிட்டது என்று அர்த்தம். ஸ்டார்ட் ஆனதும் எட்டித் தண்ணீர் கொட்டுகிறதா பார். பஸ்ஸர் அலறினால் ரேஸைக் குறை, விளக்கைப் பார், தண்ணியப் பார், அதன் பிறகே ஒயரைப் பார்.

ஐந்தாவது சட்டம் அடியேன் உபயம். இம்பெல்லர் மாற்றினால் பழைய இம்பெல்லரை என் மேஜைக்குக் கொண்டு வர வேண்டும். பிய்ந்த துண்டுகளோடு. பன்னிரண்டு இதழையும் எண்ணிப் பார்த்தபிறகுதான் வவுச்சரில் கையெழுத்து. டிரைவர் முதலில் முறைத்தார். இப்போது பழகிவிட்டார். ஹார்பர் முழுக்க எனக்கு ஒரு பட்டப் பெயரும் வைத்துவிட்டார்.

'இதழாசிரியர்!'

பதினைந்து வருஷமாக எழுதுகிறேன். எந்தப் பத்திரிகையும் கொடுக்காத பதவி!